வெயில் தாங்கும் விதை

புதுக்கோட்டைச் சீமையின் வரலாற்றை எழுதியோர் அரசர்களையும் போர்களையும் குடைவரைகளையும் பற்றி நிரம்ப எழுதியிருக்கின்றனர். சித்தன்னவாசல் ஓவியமும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டும் உலகறிந்தவை. 1948-இல் இந்திய ஒன்றியத்தோடு இணையும்வரை தனியரசாக விளங்கி, 1974 சனவரி 14 அன்று தனி மாவட்டமான இந்நிலப்பகுதிக்கு மற்றொரு வரலாறும் உண்டு. அது வெயிலோடு போராடி நின்ற பயிர்களின் வரலாறு. செம்மண்ணும் சரளையும் பாறையும் கலந்த மேட்டு நிலம், வானத்தை நோக்கிய கண்மாய்கள், வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் அடுத்த ஐப்பசிவரை காத்திருக்கும் மக்கள். இவற்றினிடையே ஒரு விதை எவ்வாறு பிழைத்து வந்தது என்பதும் எழுதப்பட வேண்டிய வரலாறே.

நம் பங்குகளில் வாழும் இறைமக்களுள் பலர் சிறு உழவர். அவர்களுள் கிணற்று நீரை நம்பி மாசிப் பட்டத்தில் உளுந்து விதைப்போர் உண்டு. அவ்வுளுந்து பங்குனிக் கடைசியில் பூக்கும். அந்நாட்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை நெருங்குமாயின், பூக்களும் பிஞ்சுகளும் உதிர்ந்துவிடுகின்றன. செடியோ பச்சையாகவே நிற்கும். சாலையில் செல்வோர் கண்ணுக்கு வயல் செழிப்பாகவே தோன்றும். அறுவடை நாளில்தான் களத்துமேடு உண்மையைச் சொல்லும். விதைக்கு வாங்கிய கடன், உழவுக்குக் கொடுத்த கூலி, பிள்ளைகளின் கல்விக்கென்று எண்ணிவைத்த தொகை ஆகிய யாவும் அந்தச் சில நாள் வெப்பத்தில் கரைந்துபோகின்றன. எனினும் அதே வெயிலில், பக்கத்துப் பாத்தியிலேயே, மற்றொரு வகைச் செடி பூவைக் காத்துக் காயாக்கியிருப்பதையும் நாம் காண்கிறோம். மண் ஒன்று, நீர் ஒன்று, வெயில் ஒன்று. வேறுபாடு எங்கிருந்து வந்தது?

இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறு ஏறத்தாழ 160 ஆண்டு நீளமுடையது. அதன் தொடக்கம் ஒரு துறவியின் தோட்டத்தில் இருக்கிறது என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்வளிக்கும் செய்தியாகும்.

துறவியின் தோட்டத்தில்

1822-இல் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்த கிரகோர் மெண்டல், இன்றைய செக் நாட்டிலுள்ள புர்னோ நகரின் புனித தோமா மடத்தில் அகுஸ்தினார் சபைத் துறவியாக வாழ்ந்தவர். மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை அவர் பட்டாணிச் செடிகளை வளர்த்து, ஒன்றோடொன்று கலந்து, விளைந்த விதைகளைத் தம் கையாலேயே எண்ணினார். ஏறத்தாழ 28,000 செடிகள்; ஏழு பண்புகள். உருண்டை விதையுடைய செடியையும் சுருங்கிய விதையுடைய செடியையும் கலந்தால் முதல் தலைமுறையில் உருண்டை விதை மட்டுமே தோன்றியது. அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை விதைகளோடு 1,850 சுருங்கிய விதைகளும் தோன்றின. மறைந்ததாக எண்ணிய பண்பு அழியவில்லை. வெளிப்படாமல் உள்ளே இருந்தது.

இம்முடிவுகளை மெண்டல் 1865 பிப்ரவரி 8 அன்றும் மார்ச் 8 அன்றும் புர்னோ இயற்கை அறிவியல் கழகத்தில் படித்தார். 1866-இல் அவை அச்சேறின. அறிஞர் உலகம் அவற்றின் பொருளை உணரவில்லை. 1868-இல் மடத்தின் தலைவரான மெண்டல் 1884-இல் மறைந்தார். 1900-ஆம் ஆண்டில்தான் அவர் கண்ட உண்மையை உலகம் மீண்டும் கண்டெடுத்தது.

மெண்டலைப் பற்றிப் பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. அவர் வானிலையையும் ஊன்றி நோக்கியவர். புர்னோவின் வெப்பத்தையும் மழையையும் ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்தார். 1865-இல் ஆஸ்திரிய வானிலையியல் கழகத்தைத் தொடங்கியோருள் ஒருவராகவும் இருந்தார். ஒரு கையேட்டில் விதைகளின் எண்ணிக்கை, மற்றொன்றில் வெப்பத்தின் அளவு! இவ்விரண்டும் ஒரு செடியின் உயிரணுவுக்குள் சந்திக்கின்றன என்பதைக் காணும் கருவிகள் அவர் காலத்தில் இல்லை. அச்சந்திப்பை மனிதர் முதன்முதலாகக் காண ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின. அதுவும் செடியில் அன்று, ஓர் ஈயில்.

தற்செயலாய்ச் சூடேறிய பெட்டி

1960-களின் தொடக்கத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர ஆய்வுக்கூடம் ஒன்றில் பெருச்சியோ ரித்தோசா என்னும் இளம் அறிஞர் பழ ஈக்களை ஆராய்ந்து வந்தார். இவ்வீயின் புழுக்களிடமுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியில் குரோமோசோம்கள் மிகப் பருத்தவை. நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரிபவை. மரபணு ஒன்று வேலையில் இறங்கும்போது குரோமோசோமின் அவ்விடம் புடைத்துக் காணப்படும். ஒருநாள், ஈக்கள் இருந்த வெப்பப் பெட்டியின் சூட்டை வேறொருவர் கூட்டிவிட்டார். பின்னர் நுண்ணோக்கியில் பார்த்த ரித்தோசா, அதுவரை காணாத இடங்களில் புடைப்புகள் எழுந்திருப்பதைக் கண்டார். வெப்பம், உறங்கிக் கிடந்த மரபணுக்கள் சிலவற்றை எழுப்பியிருந்தது.

அவர் எழுதிய கட்டுரையைப் புகழ்பெற்ற இதழொன்று, உயிரியலில் இதற்குச் சிறப்பொன்றும் இல்லை எனத் திருப்பியனுப்பிவிட்டது. 1962-இல் வேறோர் இதழில் அது வெளிவந்தது. அம்மரபணுக்கள் எழுந்து என்ன செய்கின்றன என்பது 1974-இல் தெளிவாயிற்று. ஆல்பிரட் திசியேரும் அவருடன் பணியாற்றியோரும், வெப்பம் தாக்கிய ஈக்கள் ஒரு தனிவகைப் புரதங்களை மிகுதியாக ஆக்குவதைக் கண்டனர். அவற்றுக்கு வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்னும் பெயர் நிலைத்தது.

ஈயிலிருந்து ஆய்வு பயிருக்கு வந்தது. வந்து சேர்ந்ததும் ஒரு பயறு வகைக்கே. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஜோ கீ என்பாரும் தைவானைச் சேர்ந்த லின் என்பாரும் சோயா மொச்சையின் இளநாற்றுகளை ஆராய்ந்து 1981-இல் முடிவுகளை வெளியிட்டனர். நாற்றுகளை 40 டிகிரி வெப்பத்தில் வைத்தபோது, அவை வழக்கமான புரதங்களை ஆக்குவதைக் குறைத்துக்கொண்டு வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை ஆக்கத் தொடங்கின. 1984-இல் வெளியான அவர்தம் அடுத்த ஆய்வு இன்னும் வியப்புக்குரியது. நாற்றுகளைத் திடீரென 45 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் அவை மாண்டன. முதலில் 40 டிகிரியில் சற்று நேரம் வைத்துப் பின்னர் 45 டிகிரிக்குக் கொண்டுசென்றால் பிழைத்தன. சிறு துன்பம் பெருந்துன்பத்துக்கு அவற்றைத் தயார் செய்திருந்தது.

நம் உழவர்கள் இதனைப் பெயர் சொல்லாமலே அறிந்திருந்தனர் எனலாம். பிடுங்கி நடுமுன் நாற்றங்காலுக்குச் சில நாள் தண்ணீரைக் குறைத்து நாற்றைக் கடினப்படுத்தும் வழக்கம் இதற்குச் சான்று. மானாவாரி விதையை ஊறவைத்து, மீண்டும் உலர்த்தி, பின் விதைக்கும் ‘விதை கடினப்படுத்துதல்’ என்னும் முறையை வேளாண் துறையும் இன்று பரிந்துரைக்கிறது.

துணைநிற்கும் புரதங்கள்

உயிரணுவுக்குள் நிகழ்வதை எளிமையாக விளக்க முயல்வோம். புரதம் என்பது நீண்ட இழை. அது தனக்குரிய வடிவில் மடிந்திருக்கும்போதுதான் தன் வேலையைச் செய்யும். வெப்பம் மிகுந்தால் மடிப்பு குலைந்து, இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மீண்டும் நெகிழ்வதில்லை அல்லவா? அதற்குக் காரணம் இதுவே. வெப்ப அதிர்ச்சிப் புரதங்களுள் பல, மடிப்புக் குலையும் புரதங்களைத் தாங்கிப் பிடித்து, சிக்கல் நேராமல் காக்கின்றன. திருவிழாக் கூட்டத்தில் பேத்தியின் கையை விடாமல் உடன்செல்லும் பாட்டியைப் போன்றவை அவை. ஏற்கெனவே சிக்கியவற்றைப் பிரித்தெடுக்கும் புரதமும் ஒன்றுண்டு. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில் அப்புரதத்துக்குரிய மரபணு பழுதானால் என்னாகும் என்பதை 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பழுதான செடி இதமான காலத்தில் மற்றச் செடிகளைப் போலவே வளர்ந்தது. வெப்பம் வந்தபோது, முன்தயாரிப்பு அளித்தும், அது பிழைக்கவில்லை.

இம்மரபணுக்களை எழுப்புவது எது? அதற்கெனச் சில ஆணைப் புரதங்கள் உள்ளன. வெப்பமில்லாத காலத்தில், துணைநிற்கும் புரதங்களே ஆணைப் புரதத்தைப் பற்றிப் பிடித்து அடக்கி வைத்திருக்கின்றன. வெப்பம் வந்து மற்றப் புரதங்கள் குலையத் தொடங்கியதும், துணைப் புரதங்கள் தம் பிடியை விட்டு அவற்றைக் காக்க ஓடுகின்றன. விடுபட்ட ஆணைப் புரதங்கள் மும்மூன்றாகக் கூடி, மரபணுக்களின் வாயிலில் தமக்கென அமைந்த இடத்தைப் பற்றிக்கொள்கின்றன. சில நிமிடங்களில் வேலை தொடங்கிவிடுகிறது. துன்பம் தணிந்து, துணைப் புரதங்களுக்கு ஓய்வு கிடைத்ததும், அவை திரும்பி வந்து ஆணைப் புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன. திறந்த வாயில் மூடப்படுகிறது.

பழ ஈயிடம் இத்தகைய ஆணைப் புரதத்துக்கான மரபணு ஒன்றே உண்டு. அரபிடாப்சிஸ் செடியிடமோ 21 உள்ளன. இதில் வியப்பில்லை. ஈ பறந்து நிழலுக்குப் போய்விடும். ஆடு வேப்ப மரத்தடியில் ஒதுங்கும். உழவர் உச்சி வேளையில் வீட்டுக்குத் திரும்புவார். வேரூன்றிய செடிக்குப் போக்கிடம் இல்லை. முளைத்த இடத்திலேயே அனைத்தையும் எதிர்கொள்ள வேண்டிய உயிருக்குப் பல்வகைக் காவல் வேண்டியிருக்கிறது.

அப்படியிருந்தும் உளுந்தின் பூ ஏன் உதிர்கிறது? எல்லா உறுப்புகளும் ஒரேவகையில் காவல் பெறுவதில்லை. மகரந்தம் மிக மென்மையானது. மக்காச்சோளத்தில் நிகழ்த்திய ஆய்வுகளில், முளைக்கும் மகரந்தத்தால் இலையைப் போல வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை ஆக்க இயலவில்லை என்பது தெரியவந்தது. பங்குனி வெயிலில் இலை தன்னைக் காத்துக்கொண்டு பச்சையாக நிற்க, மகரந்தம் வீணாகிப் பூ உதிர்கிறது. பச்சை வயலும் வெறுங்களமும் ஒருசேர நேர்வது இதனால்தான்.

எந்நேரமும் விழித்திருந்தால்

இந்நிலையில் ஒரு வினா எழும். காக்கும் மரபணுக்களை எந்நேரமும் திறந்தே வைத்துவிட்டால் பயிர் எத்துன்பத்தையும் வெல்லாதா? இதனை உண்மையிலேயே சோதித்துப் பார்த்தவர்கள் ஜப்பானிய அறிஞர்களான கசுகோ யமாகுச்சி-ஷினோசாக்கியும் கசுவோ ஷினோசாக்கியும் அவர்தம் குழுவினரும் ஆவர். வறட்சி, குளிர், உப்பு ஆகியவற்றைத் தாங்கும் பல மரபணுக்களுக்கு ஆணையிடும் ஒரு புரதத்தை அவர்கள் அரபிடாப்சிஸ் செடியில் கண்டறிந்து 1998-இல் வெளியிட்டனர். அதன் மரபணுவை இடைவிடாது இயங்கும்படி செய்தபோது செடி வறட்சியைத் தாங்கியது, ஆனால் குள்ளமாகிவிட்டது. துன்பம் இல்லாதபோதும் துன்பத்துக்கே தன் ஆற்றலைச் செலவிட்ட செடிக்கு வளர ஆற்றல் மிஞ்சவில்லை. 1999-இல் அதே மரபணுவை, துன்பம் வரும்போது மட்டுமே திறக்கும் வாயிலோடு இணைத்தனர். செடி வளர்ச்சி பெரிதும் குன்றாமல் வறட்சியையும் தாங்கியது.

தாங்கும் ஆற்றலின் வரலாற்றில் இதுவே நம் மனத்தில் ஆழப் பதியவேண்டிய செய்தி என எண்ணுகிறோம். மரபணு இருந்தால் மட்டும் போதாது. உரிய நேரத்தில் திறக்கவும் உரிய நேரத்தில் மூடவும் வேண்டும். தாங்குதலுக்கு விலை உண்டு. அவ்விலையை ஒவ்வொரு நாளும் கொடுக்கும் உயிர் வளர்வதில்லை.

பெயரறியாத உழவர்கள்

வெப்பத்தைப் போலவே வெள்ளமும் பயிருக்குச் சோதனையே. வெள்ளத்தைத் தாங்கும் நெல்லின் கதை இதே உண்மையை வேறொரு வழியில் காட்டுகிறது. நெற்பயிர் நீரில் மூழ்கினால், மூச்சுவிடும் பொருட்டு விரைந்து நெடிது வளர முயலும். வெள்ளம் நீடித்தால் அம்முயற்சியிலேயே சத்தெல்லாம் தீர்ந்து மடியும். ஒடிசாவின் பழைய நெல்லொன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ என்னும் வகை மட்டும் ஏறத்தாழ இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தும் பிழைத்தது. அதன் இரகசியமான சப்1ஏ என்னும் மரபணுவைக் கண்டறிந்த செய்தி 2006-இல் வெளியாயிற்று. நீரில் மூழ்கியதும் இம்மரபணு வளர்ச்சியை நிறுத்திவைக்கிறது. பயிர் சத்தைச் சேமித்து, அசையாது காத்திருக்கிறது. வெள்ளம் வடிந்தபின் மீண்டும் தளிர்க்கிறது. இப்பண்பை ஒட்டுக்கலப்பின் மூலமே சுவர்ணா என்னும் நெல்லுக்குள் கொண்டுவந்து, 2009-இல் இந்தியாவில் சுவர்ணா-சப்1 என வெளியிட்டனர்.

வெப்பத்துக்கும் இத்தகைய செல்வம் நம் நாட்டிலேயே உண்டு. நெல் பூக்கும் வேளையில் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் ஏறினால் மணிகள் பதராகின்றன. உத்தரப் பிரதேசத்தின் நாகினாவில் தேர்ந்தெடுத்த என்22 என்னும் பழைய நெல், இவ்வெப்பத்தை நன்கு தாங்குவதாகப் பன்னாட்டு ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. தமிழகத்தில் நம் முன்னோர் நெல்லுக்கு வைத்த பெயர்களே அவற்றின் பண்பைச் சொல்லும். வெள்ளம் தாங்குவது மடுமுழுங்கி. களர் நிலத்தில் விளைவது களர்ப்பாலை. அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தின் நொறுங்கன் வறட்சி தாங்குவது.

வாசக அன்பர்களே, ஈண்டு சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். சப்1ஏ மரபணுவைக் கண்டறிந்த அறிஞர்களின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன; அது நியாயமே. அந்நெல்லை வெள்ளத்துக்கு வெள்ளம் பொறுக்கி, அடுத்த ஆண்டுக்கென்று எடுத்துவைத்த ஒடிசா உழவர்களின் பெயர்களை யார் அறிவார்? புதுக்கோட்டைப் பகுதியில் கண்மாய்க்கு மதகு அமைத்துக் கொடுத்தோரின் பெயர்களைக் கல்வெட்டுகள் இன்றும் சொல்லுகின்றன. விதையைக் காத்தோர்க்குக் கல்வெட்டு இல்லை. 1876 முதல் 1878 வரை தென்னகத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சம் போன்ற கொடிய காலங்களிலும், பசித்த வயிற்றோடு விதைக் குதிரைத் தொடாமல் விட்ட தாய்மாரும் தந்தையரும் இருந்திருக்கவேண்டும். இல்லையேல் இவ்விதைகள் நம் கைக்கு வந்திரா. இன்று அறிஞர் வாசிக்கும் மரபணு எழுத்துகள், அவர்கள் உண்ணாமல் விட்ட விதைகளில் உள்ளவை.

இவ்விதைகளுள் பல நம் கண்ணெதிரே மறைந்தும் போயின. அவற்றைத் தேடித் திரட்டி உழவர்களிடம் மீளச் சேர்ப்பதில் வாழ்வைச் செலவிட்டவர் 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன். மறைந்துபோன விதையை எந்த ஆய்வுக்கூடமும் மீண்டும் படைத்துத் தர இயலாது. விதைப்புக்கு முன் விதைகளை ஆலயத்துக்குக் கொண்டுவந்து மந்திரித்துச் செல்லும் வழக்கம் சில பங்குகளில் உண்டு. அக்கூடைகளில் எத்தனை வீட்டில் காத்த விதை, எத்தனை கடையில் வாங்கிய விதை என்று கேட்டால், பெரும்பாலும் கடை விதையே என்னும் விடைதான் கிடைக்கும்.

வம்பனில் நடப்பது

நம் மாவட்டத்தில் ஆலங்குடியை அடுத்த வம்பனில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் உள்ளது. ‘வம்பன்’ என்னும் இச்சிற்றூரின் பெயரே தமிழகமெங்கும் உளுந்தின் பெயராகிவிட்டது. வம்பன் 4, 6, 8 என்று உழவர்கள் எண் சொல்லி விதை கேட்கின்றனர். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோயை எதிர்த்து நிற்கும் வகைகளைத் தந்தது இம்மையத்தின் பெருந்தொண்டு. வம்பன் 6 என்னும் வகை, வம்பன் 1-ஐயும் காட்டு உளுந்தையும் கலந்து பெற்றது. எவரும் பயிரிடாத, எவரும் நீர் பாய்ச்சாத காட்டுச் செடியிடம் நாட்டு உளுந்து வலிமை கடன் வாங்கியது என்பது சிந்தனைக்குரியது.

வெப்பத்தை வெல்ல ஒரே மரபணுவைத் தேடினால் கிடைக்காது. பூவைக் காப்பதில் பல மரபணுக்கள் சேர்ந்து இயங்குகின்றன. ஆகவே அறிஞர்கள் பல வழிகளில் முயல்கின்றனர். ஒரு வழி, வெப்பத்தைத் தாங்கும் வகைகளைத் தேர்ந்தெடுத்துக் கலப்பது. மற்றொரு வழி, வெயில் முற்றுமுன் விளைந்து முடியும் குறுகிய காலப் பயிரை உருவாக்குவது. காட்டு நெல் ஒன்றின் துணைகொண்டு, வெயில் ஏறுமுன் விடிகாலையிலேயே பூக்கும் நெல்லையும் உருவாக்கியிருக்கின்றனர். உழவர் உடனே செய்யக்கூடியதும் உண்டு. பட்டம் தவறாமல் விதைப்பது, பூக்கும் பருவத்தில் ஒரு தண்ணீராவது கொடுப்பது, பூ உதிர்வைக் குறைக்கப் பல்கலைக்கழகம் அளித்த ‘பயறு ஒண்டர்’ கரைசலைத் தெளிப்பது ஆகியன அவற்றுள் சில. வம்பனிலேயே வேளாண் அறிவியல் நிலையமும் இயங்குவதால் நம் மக்கள் நேரில் சென்று கேட்டறிய இயலும்.

மரபணுவைத் திருத்தும் நுட்பமும் இன்று நம் வயல்வரை வந்துவிட்டது. 2025 மே மாதம் நடுவண் அரசு, மரபணு திருத்திய இரண்டு நெல் வகைகளை அறிவித்தது. அவற்றுள் ஒன்றில், இலைத்துளைகள் மூடிக்கொள்வதைத் தடுத்துவந்த ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்து, வறட்சியையும் உப்பையும் தாங்கும் பண்பைக் கூட்டியுள்ளனர். நுட்பம் வியத்தற்குரியது. ஆயினும் அதன் உரிமை யாருக்கு, விதை யார் கையில் என்னும் வினாக்களும் உடன் எழுந்துள்ளன. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடல் இத்தகைய நுட்பங்களை முற்றாகத் தள்ளவும் இல்லை, கண்மூடி ஏற்கவும் இல்லை. சிறு உழவர் தம் நிலத்தையும் விதையையும் இழக்கிறார்களா என்று பார்க்கும்படி அது நம்மைப் பணிக்கிறது. பங்கில் உழவரோடு வாழும் எவர்க்கும் அதுவே முதல் வினாவாக இருத்தல் தகும்.

தாங்கும் எல்லை

இவ்வரலாற்றைக் கற்ற நமக்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். துன்பத்தைத் தாங்கும் செடியை உவமையாகக் கொண்டு, ஏழைகளைப் பார்த்து நீங்களும் தாங்குங்கள் என்று சொல்வது எளிது. மறையுரை மேடைகளுக்கு அத்தகைய உவமைகள் பழக்கமானவையே. ஆயின் செடிகள் நமக்குக் கற்பிப்பது அதுவன்று. எந்நேரமும் துன்பத்துக்குக் காவல் நின்ற செடி குள்ளமாகிப்போனதை மேலே கண்டோம். ஆண்டுதோறும் பொய்க்கும் மழைக்கும், ஏறும் கடனுக்கும், விழும் விலைக்கும் இடைவிடாது காவல் நிற்கும் குடும்பத்தின் நிலையும் அதுவே. அக்குடும்பத்துப் பிள்ளை படிப்பை இடையில் நிறுத்துகிறது; தாய் தன் மருந்தைத் தள்ளிப்போடுகிறாள். அவர்கள் தாங்குகிறார்கள் என்று நாம் பாராட்டும்போது, அவர்கள் கொடுக்கும் விலையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

செடிக்கு ஓய்வு தருவது தணிந்த வெப்பமும் ஈர மண்ணும். உழவர்க்கு ஓய்வு தருவது தூர்வாரிய கண்மாய், அடைபடாத வரத்துவாய்க்கால், நியாயமான விலை, காலத்தே கிடைக்கும் பயிர்க் காப்பீடு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பகுதிகளின் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது, எத்தனை வலிய மரமும் தன் எல்லைக்கு அப்பால் நிற்காது என்பதை நம் மாவட்டம் கண்டது. அன்று மக்களை நிமிர்த்தியதில் அண்டை வீட்டாரின் கைகளுக்கும் வெளியூர்களிலிருந்து வந்த உதவிக்கும் பெரும் பங்குண்டு.

உலகின் சராசரி வெப்பம், 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில், தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஏறத்தாழ 1.1 டிகிரி உயர்ந்துவிட்டது எனப் பன்னாட்டு அறிஞர் குழு கணித்துள்ளது. இவ்வுயர்வுக்குக் காரணமான புகையில் மானாவாரி உளுந்து விதைப்பவரின் பங்கு மிகச் சிறியது; அதன் சுமையோ அவர் வயலில் முதலில் இறங்குகிறது. வெயில் தாங்கும் விதையை உருவாக்குவது நற்செயல். அதனைக் காட்டி, வெப்பம் ஏறினால் ஏறட்டும் என்று இருந்துவிடுவது அவ்வுழவர்க்கு இழைக்கும் அநீதி.

ஆகவே நம் பங்குகளில் செய்யக்கூடியவை சில உண்டு. வம்பன் விதையும் வாங்குவோம். வீட்டு விதை எஞ்சியிருக்குமாயின் அதனையும் ஒரு பாத்தியிலாவது விதைத்துக் காப்போம். மந்திரிக்கக் கொண்டுவரும் கூடையில் எந்த ஊர் விதை, யாரிடம் பெற்ற விதை என்று பெயரோடு எழுதி வைப்போம். கோடையில் ஊரார் கூடிக் கண்மாய் மடையைச் சீர்செய்யும்போது நாமும் உடன் நிற்போம். சோயா நாற்று 40 டிகிரியில் பெற்ற பயிற்சி அதனை 45 டிகிரிவரை காத்தது. அப்பயிற்சி ஈட்டித் தந்தது ஐந்து டிகிரி. அதற்குமேல் நெடுந்தொலைவு செல்ல எந்த விதைக்கும் வலிமை இல்லை.